ஓசூர் – கிருஷ்ணகிரி: சைக்கிளில் மூன்று நாள்!

பிரான்ஸ் தேசத்தில் கோடை விடுமுறை வந்துவிட்டால் போதும், குடும்பம் குடும்பமாக சைக்கிளில் கிளம்பிவிடுகிறார்கள். அப்பா, அம்மா, குழந்தைகள், சில இடங்களில் பாட்டியும்கூட! லோவார் நதிக்கரையை ஒட்டியே சுமார் 900 கி.மீ. தூரத்துக்கு சைக்கிள் பாதை போகிறது. திராட்சைத் தோட்டங்கள், பழைய அரண்மனைகள், சின்னச் சின்ன கிராமங்கள். பகலெல்லாம் மிதிப்பது, பொழுது சாய்ந்தால் ஏதாவது ஒரு கிராமத்தில் தங்குவது. அவசரமே கிடையாது.

இந்தப் பழக்கத்துக்கு அங்கே நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. சேன்த் எத்தியேன் என்ற ஊரில் பட்டு வியாபாரம் செய்துவந்த பால் த விவி (1853–1930) என்பவர்தான் இதற்குப் பிதாமகர். 'வெலோசியோ' என்பது அவருடைய புனைபெயர். 1887-ல் சைக்கிளுக்கென்றே ஒரு பத்திரிகையும் ஆரம்பித்தார். அவர் சொல்லிவைத்த யோசனைகள் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுபோலவே இருக்கும். பசி எடுக்கும்வரை காத்திராமல் சாப்பிட வேண்டுமாம். தாகம் வருமுன்பே தண்ணீர் குடிக்க வேண்டுமாம். பிறர் பார்த்து மெச்சவேண்டும் என்பதற்காக மிதிக்கவே கூடாதாம்!

"அது பிரான்ஸ். அங்கே ரோடு இருக்கிறது, காசு இருக்கிறது. நமக்கு எதற்கு அந்தக் கதை?" என்கிறீர்களா? நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 48 வயதில், ஒற்றைக் கியர் லேடீஸ் சைக்கிளில், நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போய்த் திரும்பிய பிறகு என் அபிப்பிராயம் மாறிவிட்டது. அதைத்தான் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

டாக்டர் சொன்னது, மாமியார் சொன்னது

போன வருஷம் ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.1 என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் எல்லைக்கோட்டில் நிற்கிறோம் என்று அர்த்தம். 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை வியாதி. "மாத்திரை இப்ப வேணாம்மா. வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பு அசையணும்" என்றார் டாக்டர். நடக்கலாம் என்றால் முழங்கால் வலி. "அப்படின்னா சைக்கிள் ஓட்டுங்க. உடம்புக் கனம் முழங்கால்ல இறங்காது, தொடைச் சதையும் பலமாகும்" என்று அவரே வழியும் சொன்னார்.

எங்கள் பேட்டையில் தினமும் காலையில் அரை மணி நேரம் ஓட்ட ஆரம்பித்தேன். முதல் வாரம் 4 கி.மீ. தான். மூன்று மாதத்தில் 15 கி.மீ. ஆயிற்று. அதைப் பார்த்துத்தான் நாத்தனாருக்கும் ஆசை வந்தது.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது 40. சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் 14 வருஷமாக வேலை. ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு. கம்பெனி பஸ் தெருமுனையில் ஏற்றிக்கொண்டு போய் கேட்டுக்குள் இறக்கிவிடும். திரும்பக் கொண்டுவந்து விடும். "பதினாலு வருஷமா ஓசூர்ல இருக்கேன் அண்ணி. எனக்குத் தெரிஞ்ச ரோடு ஒரே ரோடுதான். அதுவும் பஸ் ஜன்னல் வழியா. பாதி நாள் தூங்கிக்கிட்டே" என்பாள்.

அவளுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். கிருஷ்ணகிரி அரசு மகளிர் கலைக் கல்லூரியில் சேர வேண்டும் என்பது பெண்ணின் ஆசை. ஹாஸ்டலில் தங்க வேண்டியிருக்கும். "அவ்வளவு தூரத்துல விட்டுட்டு நான் எப்படி நிம்மதியா இருக்கிறது? இங்கேயே ஏதாவது கம்பெனியில சேரட்டும்" என்று பிடிவாதமாக இருந்தாள். இதனால் தாய்க்கும் மகளுக்கும் இரண்டு மாதமாகச் சரியான பேச்சே இல்லை.

பொங்கல் விடுமுறையில் நாலு நாள் லீவு. "வாயேன், கிருஷ்ணகிரி வரைக்கும் சைக்கிள்ல போய்ட்டு வரலாம்" என்றேன். சிரித்தாள். அப்புறம் யோசித்தாள். அப்புறம், "சைக்கிள்?" என்று கேட்டாள். மகளுக்கு அரசாங்கம் பதினோராம் வகுப்பில் கொடுத்த சைக்கிள் இருந்ததே! பெண்ணும் சம்மதித்தாள், "கீறல் விழாம கொண்டுவரணும்" என்ற நிபந்தனையோடு.

மாமியாருக்குத்தான் மனசே ஆகவில்லை. பயம்கூட இல்லை, மானப் பிரச்னை! "பொம்பளைங்க ரெண்டு பேர் அவ்வளவு தூரம் சைக்கிள்ல போனா, பார்க்கிறவங்க பஸ்ஸுக்குக் காசு இல்லைன்னுதான் நெனப்பாங்க" என்றார். ஆனாலும் கிளம்புகிற அன்றைக்கு ராகி மாவு, வெல்லம், வேர்க்கடலை போட்டு இருபது உருண்டை பிடித்து டப்பாவில் அடைத்துக் கொடுத்தது அவர்தான்.

மிதித்த பெண்கள்

மாமியார் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. சைக்கிள் என்றால் ஏழை வண்டி என்ற எண்ணம் நம் பக்கம் ஊறிப்போய்விட்டது. எங்கள் ஓசூரிலிருந்துதான் 1980-ல் டிவிஎஸ் 50 மொபெட் வெளிவந்தது. அதன்பின் ஸ்கூட்டி, ஸ்கூட்டர் என்று வரிசையாக வந்தன. கொஞ்சம் வசதி வந்ததும் சைக்கிளைத்தான் முதலில் கைவிட்டோம்.

ஆனால் சைக்கிள் பெண்களுக்கு என்ன செய்தது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். வாங்குவதற்கு வங்கிக் கடனும் கிடைத்தது. விவசாயக் கூலிகள், கல் குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடாகி, ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்களாம். அதில் முன்பாரில் ஒரு குழந்தையையும் உட்காரவைத்துக்கொள்ளலாமே!

பள்ளி மாணவியருக்கு இலவச சைக்கிள் திட்டம் 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடிப் பெண்களுக்கென்று ஆரம்பமாகி, 2005-06-ல் எல்லா மாணவ மாணவியருக்கும் விரிந்தது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் சைக்கிள் இல்லாத கிராமத்துத் தெருவே இருக்காது. ஆனால் பள்ளிக்கூடம் முடிந்ததும் அந்த சைக்கிள் என்னவாகிறது? தம்பி எடுத்துக்கொள்கிறான். அல்லது மாட்டுக் கொட்டகையில் துருப்பிடிக்கிறது. பதினேழு வயதோடு பெண்ணின் சைக்கிள் நின்றுவிடுகிறது.

நீண்ட பயணம் போன பெண்களும் இருக்கிறார்கள். அயர்லாந்தைச் சேர்ந்த டெர்வ்லா மர்ஃபி என்ற பெண்மணிக்குப் பத்தாவது பிறந்தநாளில் ஒரு பழைய சைக்கிளும் ஒரு தேசப்படப் புத்தகமும் கிடைத்தன. "இந்தியாவுக்கு சைக்கிளிலேயே போவேன்" என்று அப்போதே தீர்மானித்தாராம். நோயாளித் தாயைப் பல வருஷம் பராமரித்து, அவர் காலமான பிறகு, 1963 ஜனவரியில் கடும் பனியில் பிரான்ஸின் டன்கர்க் துறைமுகத்திலிருந்து கிளம்பி டில்லி வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 31. நம் நாட்டுப் பெண் வேதாங்கி குல்கர்னி 2018-ல் இருபது வயதில் உலகத்தையே சைக்கிளில் சுற்றிவந்தார். இவர்களோடு ஒப்பிட்டால் எங்கள் பிரயாணம் கொசுறுதான்.

முதல் நாள்: யானைக்கு வழிவிட்டு

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு நெடுஞ்சாலையில் சுமார் 50 கி.மீ. ஆனால் அது பெங்களூர் – சேலம் லாரிகளின் ராஜ்யம். ஆகவே உத்தனப்பள்ளி, இராயக்கோட்டை வழியாகச் சுற்றிப்போவது என்று முடிவு செய்தோம். சுமார் 60 கி.மீ. ஆகும்.

விடியுமுன் கிளம்ப வேண்டும் என்பது நாத்தனாரின் ஆசை. கூடாது என்று சொல்லிவிட்டேன். அந்த வழியில் சானமாவு காடு இருக்கிறது. ராகி அறுவடைக் காலத்தில் யானைக்கூட்டம் வந்து தங்கும் இடம். இருட்டில் போவது ஆபத்து. முதல் நாளே அந்தப் பக்கத்துப் பால்காரரிடம் விசாரித்து வைத்திருந்தோம். "ஏழரை மணிக்கு மேல போங்கம்மா. பஸ்ஸு, வண்டி போய்க்கிட்டிருந்தா சேர்ந்தாப்பல போயிடுங்க. எங்கயும் நிக்காதீங்க" என்றார். அப்படியே செய்தோம். யானை கண்ணில் படவில்லை. ரோட்டில் சாணம் மட்டும் கிடந்தது. அதைப் பார்த்ததும் நாத்தனார் மிதித்த வேகம் இருக்கிறதே!

உத்தனப்பள்ளி தாண்டினால் ரோஜாத் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூடாரங்கள், முட்டைகோஸ் வயல்கள். நடுநடுவே தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிப் போகும் பஸ்கள். ஜன்னலில் சாய்ந்து தூங்கும் முகங்கள். "நான் இப்படித்தான் இருப்பேன், இல்லே அண்ணி?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

ஒரு கிராமத்தில் ராகித் தட்டையை ரோட்டிலேயே பரப்பிவைத்திருந்தார்கள். வருகிற போகிற வண்டிகளே போரடித்துக் கொடுத்துவிடும்! சைக்கிளுக்கு இது தொல்லை. தட்டை செயினில் சுற்றிக்கொள்ளும். இறங்கித் தள்ளிக்கொண்டு போனோம். களத்திலிருந்த பாட்டி, "எந்த ஊரு கண்ணு? வேலைக்கா போறீங்க?" என்று கேட்டார். "இல்ல பாட்டி, சும்மா ஊர் பார்க்க" என்றாள் நாத்தனார். "சும்மாவா!" என்று பாட்டி வாயில் கைவைத்துக்கொண்டார். பிறகு மோர் கொண்டுவந்து கொடுத்தார். "சும்மாப் போறதுக்கும் கொடுத்து வச்சிருக்கணும்" என்றார்.

இராயக்கோட்டையில் மலைக்கோட்டை தூரத்திலேயே தெரிகிறது. திப்பு சுல்தான் வசமிருந்ததை 1791-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் பிடித்தார்கள். எங்களுக்குக் கோட்டையைவிடத் தக்காளி மண்டிதான் வேடிக்கையாக இருந்தது. கூடை கூடையாகச் சிவப்பு! மதியம் ஒரு மெஸ்ஸில் ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். வயிறு நிறைந்தாலும் கனக்கவில்லை.

அங்கிருந்து கிருஷ்ணகிரிக்குப் பெரும்பாலும் இறக்கம். ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர், கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இறங்க இறங்கக் குளிர் குறைந்து, மாந்தோப்புகள் வர ஆரம்பித்தன. தை மாதமாகையால் பூ வாசனை. இறக்கத்தில் மிதிக்கவே வேண்டாம், பிரேக்கில் மட்டும் கை இருக்க வேண்டும். நாத்தனார் வாய்விட்டுப் பாடிக்கொண்டே வந்தாள். அவள் பாடி நான் கேட்டதே இல்லை.

மாலை ஐந்து மணிக்குக் கிருஷ்ணகிரியில் உறவினர் வீடு.

இரண்டாம் நாள்: அணையும் நிப்பட்டும்

உடம்பு வலிக்கும் என்று பயந்தோம். தொடை வலி லேசாகத்தான். உட்காருகிற இடம்தான் வலித்தது! அன்றைக்கு அதிகம் மிதிக்காமல் கிருஷ்ணகிரி அணைக்குப் போனோம். கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணை, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையைத் தாண்டி இங்கே வந்து சேருகிறது. நாங்கள் தாண்டி வந்த மேட்டையெல்லாம் ஆறு எவ்வளவு நிதானமாகச் சுற்றி வந்திருக்கிறது!

பிறகு காவேரிப்பட்டினம். நிப்பட்டுக்குப் பேர்போன ஊர். மொறுமொறுப்பாக அரைக் கிலோ வாங்கினோம். வழியில் என் பின் டயரில் முள் குத்திவிட்டது. பங்க்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைக் காட்டி, எப்படி ஒட்டுவது என்று எங்களையே செய்யவைத்தார். "தெரிஞ்சு வச்சுக்கிட்டா யாரையும் எதிர்பார்க்க வேணாம் பாருங்க" என்றார்.

திரும்பும்போது நாத்தனார், "அண்ணி, அந்தக் காலேஜ் எந்தப் பக்கம்?" என்று மெதுவாகக் கேட்டாள். போனோம். விடுமுறையாதலால் கேட் மூடியிருந்தது. வாட்ச்மேனிடம் ஹாஸ்டல் எங்கே, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று பத்து நிமிஷம் விசாரித்தாள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் குறுக்கே பேசவில்லை.

மூன்றாம் நாள்: ஏற்றம்

இறங்கினதை ஏற வேண்டுமே! காலை ஆறு மணிக்கே கிளம்பினோம். நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் சூளகிரி வரை. அங்கிருந்து பேரிகை, பாகலூர் வழியாக ஓசூர். மொத்தம் 65 கி.மீ. சொச்சம். கியர் இல்லாத சைக்கிளில் மேடு ஏறுவது சிரமம்தான். வெலோசியோ சொன்னதுபோல் பெருமைக்காக மிதிக்கவில்லை. மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளினோம். பேசமுடிகிற வேகத்தில் போனால் உடம்பு தாங்கும், பேச்சு திணறினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். இதை டாக்டரே சொல்லியிருக்கிறார்.

பேரிகைப் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்துதான் பேச்சு. டீக்கடையம்மா தெலுங்கில் கேட்க, நாத்தனார் கம்பெனியில் கற்றுக்கொண்ட கன்னடத்தில் பதில் சொல்ல, சிரிப்பாகப் போயிற்று. பாகலூர் தாண்டினதும் எங்கள் ஊர்ச் சந்திர சூடேஸ்வரர் மலை தெரிந்தது. நாத்தனார் சைக்கிளை நிறுத்தினாள்.

"இவ்வளவுதானா அண்ணி தூரம்?"

"எது?"

"கிருஷ்ணகிரி. ஏதோ கண்காணாத தேசம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். என் காலாலேயே போய்ட்டு வந்துட்டேனே."

வீட்டுக்கு வந்ததும் மகள் முதலில் சைக்கிளில் கீறல் இருக்கிறதா என்றுதான் பார்த்தாள். அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டதும் அவள்தான். அந்த ஜூனில் பெண் கிருஷ்ணகிரியில் பி.காம். சேர்ந்தாள். முதல் மாதம் நாத்தனார் அழுதாள், இல்லையென்று சொல்லமாட்டேன். வாராவாரம் போன் பண்ணும்போதெல்லாம், "அந்த அணைக்கட்டு ரோட்ல மாம்பிஞ்சு வந்திருக்கா பாரு" என்று தனக்குத் தெரிந்த ஊரைப் பற்றி விசாரிப்பதுபோல விசாரிக்கிறாள். சைக்கிள் இப்போது அம்மா வசம்.

என் சர்க்கரை? ஆறு மாதம் கழித்து 5.8. ராத்திரி சாதத்தைக் குறைத்ததற்கும் அதில் பங்கு உண்டு. பாதிப் பெருமை சைக்கிளுக்கு!

நீங்களும் கிளம்புமுன்...

* எடுத்த எடுப்பில் 60 கி.மீ. வேண்டாம். தினம் 4, 5 கி.மீ. என்று ஆரம்பித்து, வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். ஒரே நாளில் 30 கி.மீ. சிரமமில்லாமல் போக முடிந்த பிறகு யோசியுங்கள்.

* சீட் உயரம் முக்கியம். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால்தான் முழங்கால் வலி வரும்.

* புடவை வேண்டாம். சுடிதார் போட்டால் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டுங்கள். சக்கரத்தில் சிக்கினால் ஆபத்து. உள்ளாடை பருத்தியாக, தடித்த தையல் இல்லாததாக இருக்கட்டும். உராயும் இடத்தில் முன்கூட்டியே தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளலாம். ஹெல்மெட் அவசியம்.

* மணிக்கு ஒருமுறை ஏதாவது கொறியுங்கள். ராகி உருண்டை, வாழைப்பழம், வேர்க்கடலை. தண்ணீரில் எலுமிச்சையும் உப்பும் துளி சர்க்கரையும் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். பாத்ரூமுக்கு பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். பெட்ரோல் பங்க், கோயில், பஸ் ஸ்டாண்ட் எங்கே வருகிறது என்று முன்பே குறித்துவைத்துக்கொண்டால் கவலையில்லை.

* சர்க்கரைக்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள், இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

* தனியே போகாமல் இரண்டு பேராவது சேர்ந்து போங்கள். பொழுது சாயுமுன் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள். எந்த வழி, எத்தனை மணிக்கு எங்கே என்று வீட்டில் எழுதிவைத்துவிட்டுப் போங்கள். காட்டு வழியானால் அந்த ஊர்க்காரர்களைக் கேட்காமல் போகவே கூடாது.

செலவு? இரண்டு சைக்கிளுக்கும் பிரேக் கட்டை, செயின், சர்வீஸ் எல்லாம் சேர்த்து 900 ரூபாய். சாப்பாடு, டீ, பங்க்சர், நிப்பட்டு உள்பட வழிச் செலவு 1,100. உறவினர் வீட்டுக்குப் பழம், பூ 200. தங்கினது இலவசம். லோவார் நதிக்கரை எங்கே, தென்பெண்ணைக் கரை எங்கே என்று சிரிக்காதீர்கள். அடுத்த பொங்கலுக்கு தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் போவதாக உத்தேசம். இந்தத் தடவை மாமியார் உருண்டையை முப்பதாக்கப் போகிறாராம். மகளும் ஹாஸ்டலிலிருந்து லீவில் வருவாளே!